கூட்டத்துக்கு வராதவர்களின் பட்டியல்

பெற்றோர் கூட்டம் முடிந்ததும் கையெழுத்துத் தாள் கோப்புக்குள் போய்விடும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் மேலிடத்துக்குப் போகும். வராதவர்கள் யார் யார் என்று எழுதி வைக்கும் பள்ளிகள் குறைவு. நகரத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி குடும்பங்களுக்காக எந்தத் திட்டம் போட்டாலும், அந்த இரண்டாவது பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 12 வீட்டார் வந்தால், அந்த 12 பேரும் பெரும்பாலும் போன முறையும் வந்தவர்கள். கூட்டமே இல்லாவிட்டாலும் அந்த வீடுகளில் பாடம் சொல்லித்தர யாராவது இருப்பார்கள். மீதி 18 வீட்டுக்காகத்தான் கூட்டமே.

வராதவர்களைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு சுலபமாக எழும்: "அவங்களுக்கு அக்கறை இல்லை." இந்தப் பேச்சை முதலில் விட வேண்டும். நகரத்தில் ஒரு வகுப்பு என்றால் அதில் இரவு ஷிப்டுக்குப் போகிற அப்பா இருப்பார். நாள் கூலியை இழக்க முடியாத அம்மா இருப்பார். பேரனை வளர்க்கும் பாட்டி, வேறு மாநிலத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்து இந்த ஊர் மொழி பிடிபடாமல் தவிக்கிறவர், தான் பிள்ளையாக இருந்தபோது பள்ளியில் அவமானப்பட்டு இன்றும் அந்த வாசலை மிதிக்கக் கூசுகிறவர், எல்லாரும் இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல, வராத பெற்றோர் என்றுதான் தெரியும். காரணம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

அமெரிக்க ஆய்வாளர்கள் கேத்லீன் ஹூவர்-டெம்ப்சியும் ஹோவர்ட் சாண்ட்லரும் 1990களில் இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். பெற்றோர் எதனால் பள்ளிக் காரியங்களில் இறங்குகிறார்கள்? அவர்கள் முன்வைத்த காரணங்களில் மூன்று முக்கியமானவை. பிள்ளையின் படிப்பில் பங்கெடுப்பது என் வேலை என்ற எண்ணம். நான் செய்தால் பிள்ளைக்குப் பயன் இருக்கும் என்ற நம்பிக்கை. பள்ளியும் ஆசிரியரும் பிள்ளையும் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்ற உணர்வு. முதல் இரண்டையும் மாற்றக் காலம் பிடிக்கும். மூன்றாவது முழுக்கப் பள்ளியின் கையில் இருக்கிறது.

கூப்பிடுவதற்கு முன்னால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டும். சேர்க்கையின்போது நிரப்பும் படிவம் இதற்கு உதவாது, அது அலுவலகத்துக்கான படிவம். தனியாக அரைத் தாளில் ஆறு கேள்விகள் போதும். காலையில் பிள்ளையை விடுவது யார், மாலையில் கூட்டிப்போவது யார்? வீட்டுப் பெரியவர்களின் வேலை நேரம் என்ன, அது வாரத்துக்கு வாரம் மாறுமா? வீட்டில் பேசுவது எந்த மொழி, படிக்க வசதியானது எந்த மொழி? எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேசலாம்? வீட்டில் கைக்குழந்தையோ பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டியவரோ உண்டா? பிள்ளையை யாரிடம் அனுப்பக் கூடாது?

மொழியைப் பற்றி இரண்டாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மொழியை வீட்டில் பேசுகிறவர் அதே மொழியைப் படிப்பார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அச்சடித்த தாள் எந்த மொழியில் போனாலும் வீண், குரல் செய்திதான் போக வேண்டும். தொலைபேசியிலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மாவின் எண் என்று எழுதியிருக்கும். கைபேசி அப்பாவுடன் வேலைக்குப் போயிருக்கும். பள்ளி அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் பகல் முழுக்க அவர் சட்டைப் பையில் கிடக்கும். ஆறு மாதம் செய்தி அனுப்பியும் பதில் இல்லை என்று பள்ளி சலித்துக்கொள்ளும்போது, அம்மாவுக்கு ஒரு செய்திகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. எண்கள் அடிக்கடி மாறும் என்பதால் இந்த அரைத் தாளைப் பருவத்துக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். அதில் வருமானம், குடியுரிமை, அடையாள எண் எதையும் கேட்கக் கூடாது. அதில் ஒன்றைக் கேட்டாலும் பயந்த குடும்பம் எல்லாக் கேள்விக்கும் பொய்ப் பதில் எழுதும், அல்லது தாளே திரும்பி வராது. நிரப்பி வந்த தாள்களைப் பூட்டிய அலமாரியில் வைப்பது சொல்லாமலே செய்ய வேண்டியது.

வகுப்புவாரியாக இந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்தால் கூட்டத்தை எப்போது வைப்பது என்ற வாதம் தானாக அடங்கிவிடும். பெரும்பாலும் வரும் விடை, ஒரே கூட்டத்தை இரண்டு முறை நடத்து என்பதுதான். காலையில் பிள்ளையை விட வந்தவர்களோடு 30 நிமிடம், அதே விஷயத்தை இன்னொரு நாள் மாலை வேலை முடிந்து வருகிறவர்களோடு. ஆசிரியருக்கு இது கூடுதல் வேலை என்பது உண்மை. அந்த நேரத்தை அவருடைய பணி நேரத்தில் கணக்கு வைக்காத பள்ளியில் இரண்டாம் ஆண்டே மாலைக் கூட்டம் நின்றுபோகும்.

அழைப்பு மூன்று தடவை போக வேண்டும். பத்து நாளுக்கு முன் பிள்ளை தன் கையால் எழுதி வரைந்த தாள், மூன்று நாளுக்கு முன் குரல் செய்தி, அன்று காலை வாசலில் ஆசிரியர் நேரில் சொல்லும் ஒரு வார்த்தை. தாளில் ஐந்து வரி போதும்: என்ன, எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எந்த வாசல் வழியாக வர வேண்டும், சின்னப் பிள்ளைகளையும் அழைத்து வரலாம். முடியும் நேரத்தை எழுதாத அழைப்பைப் பார்த்து வேலையில் அனுமதி கேட்க முடியாது. "பெற்றோர்கள் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்" என்ற சுற்றறிக்கை மொழியைத் தூக்கி எறிய வேண்டும். அது நீதிமன்ற அழைப்பாணை மாதிரி ஒலிக்கிறது. 'பெற்றோர்' என்ற சொல்லுக்குப் பதில் 'வீட்டுப் பெரியவர்' என்று போட்டால் பாட்டியிடமும் சித்தியிடமும் வளர்கிற பிள்ளை அந்தத் தாளைப் பைக்குள் ஒளிக்க மாட்டாள்.

மொழிபெயர்க்கப் பிள்ளையை நிறுத்தக் கூடாது. இந்தத் தவறு எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது, ஏனென்றால் அதற்குச் செலவு கிடையாது. தன்னைப் பற்றிய குறையை எட்டு வயதுப் பிள்ளை முழுதாக மொழிபெயர்க்க மாட்டான். அதைவிட மோசம், தன் அம்மாவுக்குப் புரியவில்லை என்பதை எல்லார் முன்னாலும் அவன் சுமக்க வேண்டியிருக்கும். அதே மொழி பேசும் இன்னொரு பெற்றோரைக் கேட்கலாம். ஆனால் தனிப்பட்ட விஷயம் பேசும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. அங்கே பணியாளரோ தொலைபேசி மொழிபெயர்ப்பாளரோ வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் அனுப்புகிற அறிவிப்பை அந்த மொழி தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

தொடக்கப்பள்ளி நடத்தக்கூடிய குடும்ப நிகழ்ச்சிகளில் என் பார்வையில் அதிகம் பலன் தருவது கதை வாசிக்கும் மாலை. அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதல் 10 நிமிடம் வருகிறவர்கள் வர, பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைச் சுற்றிக் காட்ட. அடுத்த 10 நிமிடம் ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படக்கதையை வாசித்துக் காட்டுவார். பிறகு 20 நிமிடம் ஒவ்வொரு குடும்பமும் தன் இடத்தில் தன் பிள்ளையோடு அதையே செய்யும், ஆசிரியர் சுற்றி வருவார். பத்து நிமிடம் எது எளிதாக இருந்தது, எங்கே தடுமாறியது என்ற பேச்சு. கடைசிப் பத்து நிமிடம் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க.

இதைப் பெரிய கூடத்தில் வைக்கக் கூடாது, வகுப்பறையில் வைக்க வேண்டும். கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டால் பெரியவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். வகுப்பறையிலும் ஒரு சங்கடம் உண்டு. முதல் வகுப்பு நாற்காலியின் உயரம் சுமார் 30 செ.மீ. முழங்கால் வலிக்கிற பாட்டி அதில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. பெரியவர்கள் உட்காரும் நாற்காலி கொஞ்சம் கொண்டுவந்து போட வேண்டும். 20 குடும்பம் வரும் என்றால் 25 புத்தகமாவது எடுத்து வையுங்கள், அதில் நாலைந்து எழுத்தே இல்லாத படக்கதைகளாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர் யார் என்று யாரும் கேட்க வேண்டாம். எல்லாப் புத்தகங்களும் ஒரே மேசையில் கலந்து கிடந்தால் அவரவருக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள்.

ஆசிரியர் அங்கே காட்ட வேண்டியது உரக்கப் படிக்கும் கலையை அல்ல, கதையை வைத்துப் பிள்ளையோடு பேசும் முறையை. அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் உடன் உழைத்தவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பெரியவர் படிக்கப் பிள்ளை கேட்பது என்பதைத் திருப்பி, பிள்ளை கதை சொல்லப் பெரியவர் கேள்வி கேட்டுக் கேட்கிற முறை அது. ஒரு மாதம் அப்படிப் படித்த வீடுகளில் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி கூடியிருந்தது. முறை நான்கு படிதான். கேள்வி கேள், பதிலைக் கவனி, அதைக் கொஞ்சம் நீட்டு, நீட்டியதைப் பிள்ளையைச் சொல்லவை. படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் பிள்ளை "நாய்" என்பாள். "ஆமா, மழையில நனைஞ்ச நாய். என்ன நாய்?" "நனைஞ்ச நாய்." அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் "அது ஏன் ஓடுது?" என்று கேட்கலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு கேள்விக்கு மேல் போனால் கதை தேர்வாகிவிடும், பிள்ளை நழுவிவிடுவாள்.

இதற்கு எழுத்தறிவு தேவையில்லை என்பதுதான் இதன் பலம். பள்ளியின் மொழியும் தேவையில்லை. "வீட்ல இனிமே பள்ளிக்கூட பாஷையிலயே பேசணுமா?" என்று புலம்பெயர்ந்து வந்த அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். தனக்குத் தடையில்லாமல் வருகிற மொழியில் பேசும்போதுதான் அம்மா நீளமாகப் பேசுவாள், காரணம் சொல்லுவாள், கதை சொல்லுவாள். ஒரு மொழியில் கதையின் போக்கைப் பிடிக்கக் கற்ற பிள்ளை இன்னொரு மொழியிலும் அதைப் பிடிப்பான். அரைகுறை மொழியில் பேசச் சொல்லி அனுப்பினால் வீட்டில் பேச்சே சுருங்கிப்போகும்.

இந்த மாலை எப்படிக் கெடுகிறது? தலைமை ஆசிரியரின் வரவேற்புரை 25 நிமிடம் நீளும்போது கெடுகிறது. கைக்குழந்தைகளுக்கு ஒரு மூலை ஒதுக்காதபோது கெடுகிறது. அதே அறையில், அம்மாவின் கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஒரு பாய், கொஞ்சம் விளையாட்டுச் சாமான், பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தால் போதும். கேட்காமல் படம் எடுத்துப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போடும்போது சிலர் அடுத்த முறை வராமலே நின்றுவிடுவார்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது, வீட்டிலிருந்து ஆள் வந்த பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுப்பது. அப்பாவுக்கு ஷிப்ட் மாறாததற்கு ஆறு வயதுப் பிள்ளை ஏன் வெறுங்கையோடு நிற்க வேண்டும்? வராத வீட்டுப் பிள்ளைக்கும் மறுநாள் காலை அதே புத்தகமும், படங்களால் அந்த நான்கு படிகளை விளக்கும் ஒரு தாளும் போக வேண்டும். மறுநாள் கொடுக்கிற அந்தப் புத்தகம்தான் அடுத்த கூட்டத்துக்கான முதல் அழைப்பு.

தனித்தனிச் சந்திப்பு இதிலிருந்து வேறு. கணக்கை முதலில் போட்டுவிட வேண்டும். 30 பிள்ளைக்குத் தலா 15 நிமிடப் பேச்சு, 5 நிமிட இடைவெளி என்றால் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். இதை ஒரே நாளில் திணிக்கிற பள்ளியில் ஆளுக்கு நாலு நிமிடம்தான் கிடைக்கும், அதில் மதிப்பெண்ணைத் தவிர எதையும் பேச முடியாது. மூன்று நாளாகப் பிரிக்க வேண்டும். காத்திருப்பவர்களின் நாற்காலி பேச்சு காதில் விழாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர் தன் மேசைக்குப் பின்னால் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால் இருவரும் ஒரே தாளைப் பார்க்க முடியும்.

முதல் மூன்று நிமிடம் ஆசிரியர் கேட்க வேண்டும். "வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன சொல்றா?" என்று தொடங்கலாம். அதில் வெளிவரும் செய்தி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பிறகு இரண்டு தாள்களை அருகருகே வைக்க வேண்டும், பருவத் தொடக்கத்தில் பிள்ளை எழுதியதையும் இப்போது எழுதியதையும். வளர்ச்சியைக் கண்ணால் பார்த்த பிறகு குறையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். கடைசியாக வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை. "நல்லா படிக்கச் சொல்லுங்க" என்பது யோசனையே அல்ல. "பத்துப் பொத்தானை எடுத்துக்குங்க. சிலதைக் கையில மூடிக்கிட்டு மீதியைக் காட்டுங்க. எத்தனை ஒளிஞ்சிருக்குன்னு கேளுங்க. வாரத்துல நாலு ராத்திரி, அஞ்சு நிமிஷம்." இதைச் செய்ய முடியும், மூன்று வாரத்தில் பலன் தெரிகிறதா என்று பார்க்கவும் முடியும். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகலை ஆசிரியரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வராத வீடுகள் இருக்கும். அங்கே பள்ளிதான் போக வேண்டும். அமெரிக்காவில் சாக்ரமென்டோ நகரத்தில் 1990களின் இறுதியில் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து வீட்டுச் சந்திப்பு முறை ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் நெறிகள் எங்கும் செல்லுபடியாகும். இரண்டு பேராகப் போக வேண்டும். முன்கூட்டியே கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகே போக வேண்டும். படிவம் நிரப்பப் போகக் கூடாது. முக்கியமாக, தொல்லை தருகிற பிள்ளைகள் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. அப்படிப் போனால் ஆசிரியர் தெருவில் நடந்தாலே யார் வீட்டில் என்ன தப்பு என்று அக்கம்பக்கம் பேச ஆரம்பித்துவிடும். உட்காரும் நேரம் அரை மணி. முதல் கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருக்காது: "உங்க பிள்ளை என்னவா வரணும்னு ஆசைப்படுறீங்க?" ஒற்றை அறையில் ஏழு பேர் இருக்கிற வீட்டில் ஆசிரியரை உட்காரவைக்கக் கூச்சப்படலாம். அப்போது பூங்காவிலோ நூலகத்திலோ சந்திக்கலாம்.

அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்தில் லூயிஸ் மோலும் சக ஆய்வாளர்களும் ஆசிரியர்களை மெக்சிகோ வழி உழைப்பாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு, கற்றுக்கொள்கிறவர்களாக அனுப்பினார்கள். 1992இல் வெளியான அந்த ஆய்வு, விவசாயம், கட்டட வேலை, பழுதுபார்ப்பு, மூலிகை வைத்தியம், வியாபாரம் என்று அந்த வீடுகளில் திரண்டு கிடந்த அறிவைப் பட்டியலிட்டது. அதை வகுப்புப் பாடமாகவும் மாற்றிக் காட்டியது. அளக்கத் தெரிந்த தச்சரும், மனக்கணக்காகக் கொடுக்கல் வாங்கல் பார்க்கிற காய் வியாபாரியும் இருக்கிற வகுப்பில் நீளமும் கழித்தலும் கரும்பலகையில் மட்டும் நடக்க வேண்டியதில்லை. அப்படி ஒருவரை 20 நிமிடம் வகுப்புக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். கூட்டத்துக்கு வராதவர் வேலைக் கருவிகளோடு வருவார்.

வருகைப் பதிவு குடும்பத் திட்டத்தின் பகுதி என்று பலர் நினைப்பதில்லை. பள்ளி நாட்களில் பத்து சதவீதம் விடுபட்டால் அதை நாள்பட்ட விடுப்பு என்று பல இடங்களில் கணக்கிடுகிறார்கள். 200 நாள் பள்ளியில் அது 20 நாள், மாதத்துக்கு இரண்டு நாள். மாதம் இரண்டு நாள் என்று கேட்டால் எந்த வீட்டிலும் பெரிதாகப் படாது, ஆசிரியர் கண்ணிலும் தப்பிவிடும். முதல் மாதத்திலேயே இரண்டு நாள் விடுபட்ட பெயர்களைத் தனியே எடுத்துப் பேச வேண்டும். பேச்சின் தொனியில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் அனுப்பல?" என்று தொடங்கினால் காய்ச்சல் என்ற பதில் வரும். "இன்னைக்குக் காணோமே, தேடினோம், நல்லா இருக்காளா?" என்று கேட்டால் இரவு ஷிப்ட் முடிந்து அம்மா தூங்கிவிட்டது, ஒரே சீருடை காயாதது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, பிள்ளைக்கு மூச்சிழுப்பு என ஒவ்வொன்றாக வெளிவரும். நான்கும் நான்கு தனிப் பிரச்சினை. மிரட்டல் கடிதம் எதையும் தீர்க்காது. இரண்டாவது சீருடை ஒன்றைத் தீர்க்கும். அதே தெருவிலிருந்து சேர்ந்து நடந்துவரும் பிள்ளைகள் குழு இன்னொன்றைத் தீர்க்கும்.

முடிவெடுக்கும் குழுக்களில் பெற்றோரைச் சேர்ப்பது எழுத்தில் பல இடங்களில் இருக்கிறது. 1968இல் யேல் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், நியூ ஹேவன் நகரத்தின் இரண்டு ஏழைத் தொடக்கப்பள்ளிகளில் இதை உண்மையாகச் செய்ய முனைந்தார். முதல் ஆண்டு குழப்பமாகத்தான் போனது. அதிலிருந்து உருவான மூன்று விதிகள் இன்றும் பயன்படும்: யார்மேல் தப்பு என்று தேடுவதில்லை, வாக்கெடுப்பு இல்லாமல் பேசி ஒத்துக்கொண்டு முடிவெடுப்பது, ஒருவர் வேலையை ஒருவர் முடக்காமல் சேர்ந்து செய்வது. எட்டு அலுவலர் நடுவே இரண்டு பெற்றோரை உட்காரவைத்தால் அந்த இருவரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பாதிப் பேராவது பெற்றோராக இருக்க வேண்டும். குழு எடுக்கும் முதல் முடிவு 30 நாளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சின்னதாக இருக்க வேண்டும், கழிவறைத் தாழ்ப்பாள், வாசல் திறக்கிற நேரம் மாதிரி. முதல் கூட்டத்திலேயே பாடத்திட்டத்தை விவாதித்த குழுக்கள் மூன்றாம் கூட்டத்துக்குக் கூடுவதில்லை.

பள்ளிக் கட்டடத்தை மாலையில் குடும்பங்களுக்குத் திறந்துவிடுவது பழைய யோசனை. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்தில் 1935இலேயே மோட் அறக்கட்டளையின் உதவியோடு தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு, கண் பரிசோதனை, தையல், விளையாட்டு என எதை வைத்தாலும் ஆள் வரும். திட்டம் சாகிற இடம் சாவிதான். யார் திறப்பது, யார் பூட்டுவது, கழிவறையை யார் கழுவுவது, விளக்கு எரிகிற செலவு எந்தக் கணக்கில் என்ற நான்குக்கும் பெயர் எழுதிய பதில் இல்லாமல் முதல் வகுப்பை அறிவிக்க வேண்டாம்.

இனி அந்த இரண்டாவது பட்டியல். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மறுநாள் வகுப்பாசிரியர் 15 நிமிடம் ஒதுக்கி, வராத பெயர்களுக்கு எதிரே மூன்று கட்டம் நிரப்ப வேண்டும்: காரணம் தெரியுமா, செய்தி போய்ச் சேர்ந்ததா, அடுத்து யார் எப்படிப் பேசுவது. மூன்று முறை தொடர்ந்து வராத பெயரைத் தலைமை ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு முடியும்போது இந்தப் பட்டியலும் அரைத் தாள்களும் அடுத்த வகுப்பாசிரியர் கைக்கு நேரில் போக வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிமிடமாவது பேசி. அவர் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் முதல் தொலைபேசி அழைப்பை அந்தப் பட்டியலின் மேலே இருக்கிற வீட்டுக்குப் போடுவார், பிள்ளையைப் பற்றி முன்னாள் ஆசிரியர் சொன்ன ஒரு நல்ல விஷயத்தோடு.